தோரா விழுந்த பிறகு

அன்புள்ள மோனே,

மருமகள் மிரியம் உன் அம்மாவுக்கு எழுதியிருந்தாள். ரோஜா வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரங்களுக்கு உரம் கலக்கும் தொட்டியில் உன் கையால் கலவை தப்பிப்போனது, நாலு குடும்பத்தின் செடிகள் வேரோடு கருகிப்போனது, அதில் ஒன்று நம்முடையது, மற்ற மூன்றும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களுடையது என்று எல்லாம் விவரமாக எழுதியிருக்கிறாள். அன்றிலிருந்து நீ யாரிடமும் பேசுவதில்லையாம். சனிக்கிழமை சாபத் ஜெபத்துக்குப் போவதில்லையாம். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாயாம். அம்மா வாசித்துவிட்டு, கடிதத்தை என் சாயா டம்ளர் பக்கத்தில் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். நான் இரண்டு தடவை வாசித்தேன். என் மகனுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று நெஞ்சு பதற வேண்டும். பதறவில்லை. எனக்குப் பல வருஷமாகவே அப்படித்தான். எது நடந்தாலும் கொஞ்ச நாள் கழித்துத்தான் வந்து சேரும், சிலது வருவதே இல்லை. அதைப் பற்றித்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

நமக்குள் தமிழ்தான் சரி. மலையாளம் நீ நன்றாகப் பேசுவாய், வாசிக்கச் சொன்னால் தலைவலி என்பாய். கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனியில் நான் வேலை பார்த்த காலத்தில், உன் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தை வைத்து உன்னோடு எழுத்துக்கூட்டித்தான் நானும் இந்த எழுத்தைக் கற்றேன். இஸ்ரேலில் நீ இருக்கிற ஊரில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவன் நீ ஒருவன்தான் என்று நினைக்கிறேன். மிரியத்துக்கும் வராது. இதில் இருப்பதை அவளுக்குச் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

எழுபத்து நாலில் நாங்கள் கொச்சி மட்டாஞ்சேரிக்குத் திரும்பி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. பள்ளுருத்தியில் சாலையோரம் ஒரு கடை பிடித்து, மீன்பிடிப் படகுகளின் டீசல் இன்ஜின்களை ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கோயம்புத்தூர் ஹாஸ்டலில் பள்ளிக்கூடக் கடைசி வருஷம் படித்தாய். அந்த வருஷம் அப்பா மழையில் வழுக்கி விழுந்தார், முழங்காலில் அடி என்று உனக்குச் சொன்னோம். முழங்காலில் அடிபட்டது உண்மைதான். எதைத் தூக்கிக்கொண்டு விழுந்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

நீ வெளியூரில் வளர்ந்தவன், இங்கே சிம்ஹாத் தோரா எப்படி நடக்கும் என்று முழுசாகப் பார்த்ததில்லை. நம் வேதமான தோராவின் வாசிப்பு ஒரு சுற்று முடிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்குகிற திருநாள். பள்ளியில் (ஜெபாலயத்தை இங்கே நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) இருக்கிற தோராச் சுருள்கள் எல்லாவற்றையும் பெட்டகத்திலிருந்து வெளியே எடுப்போம். ஒவ்வொன்றும் வெள்ளித்தகடு அடித்த மரக்கூட்டில், தலையில் கிரீடத்தோடு நிற்கும். அவற்றைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் உள்ளேயும் வெளியே கல்முற்றத்திலும் சுற்றிவர, பெண்கள் ஒரு பக்கம் நின்று மலையாளப் பாட்டுப் பாடுவார்கள். தேங்காயெண்ணெய் விளக்கு, மல்லிகை, வீட்டில் போட்ட உலர்திராட்சை ஒயின். பாதிக் குடும்பங்கள் அதற்குள் இஸ்ரேலுக்குப் போயிருந்தாலும் அன்றைக்கு மட்டும் தெரு நிறைந்த மாதிரி இருக்கும்.

இருப்பதிலேயே கனமான சுருளை வருஷாவருஷம் தூக்குகிறவர் ஐசக் சேட்டன். நம் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தார். மிளகு மண்டியில் தரகர். அறுபது தாண்டியவர், சர்க்கரை வியாதி, கால்கள் சற்று வளைந்திருக்கும். அந்த வருஷம் நான் அவரிடம் போய், "கொடுங்க சேட்டா, நான் கோயம்புத்தூர்ல இரும்பு தூக்கின கை" என்றேன். அவர் சிரித்தார். "இது இரும்பு மாதிரி இல்லடா, ஒரு பக்கமா இழுக்கும்" என்றார். நான் விடவில்லை. ஊரை விட்டுப் போய், ஒன்றும் சம்பாதிக்காமல் திரும்பி வந்தவன் என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு இருந்தது. எல்லாரும் பார்க்கிற மாதிரி ஒரு காரியம் செய்ய வேண்டும் என்று எனக்கு இருந்தது. அவர் கொடுத்துவிட்டார். ஒரு கிளாஸ் ஒயின் குடித்திருந்தேன். அதனால்தான் விழுந்தேன் என்று பிறகு சிலர் சொன்னார்கள். ஒரு கிளாஸ்தானா என்று இன்று கேட்டால் என்னால் சத்தியம் செய்ய முடியாது.

முற்றத்தில் மழை விட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. எல்லாருக்கும் வெறுங்கால். பெண்கள் நிற்கிற பக்கம் வந்ததும் உன் அம்மா பார்க்கிறாளா என்று திரும்பினேன். அவ்வளவுதான். ஈரமோ சிந்திய எண்ணெயோ, கால் போனது. நான் முழங்காலில் விழுந்தேன். சுருள் என் கையை விட்டு முன்னால் போய்க் கல்லில் விழுந்தது. கிரீடம் தனியாக உருண்டு சுவரோரம் போய் நின்றது. பாட்டு நின்றுவிட்டது. யாரோ ஒரு பெண் மட்டும் கவனிக்காமல் அடுத்த வரியைப் பாடத் தொடங்கி, அவளும் நிறுத்தினாள். ஐசக் சேட்டன் தன் ஜெபச் சால்வையை எடுத்துச் சுருள் மேல் போர்த்தினார். பிறகு என் பக்கம் வந்து, "எழுந்திரு. அடி பட்டுதா?" என்றார்.

யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். தோரா கீழே விழுந்தால் விழவிட்டவனும் அதைக் கண்ணால் பார்த்தவர்களும் நோன்பிருக்க வேண்டும் என்பது நம் வழக்கம். பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, திங்களும் வியாழனும் பகலில் தண்ணீர்கூட இல்லாமல் நோன்பு, ஆறு மாசம் கழித்து வரும் பஸ்கா திருநாள் வரை என்று வைத்தார்கள். யோசித்துப் பார், தடுக்கியது என் கால், பட்டினி ஊருக்கு. திங்கட்கிழமை காலையில் தெருவில் நடந்தால் எந்த வீட்டிலிருந்தும் சாயா கொதிக்கிற வாசனை வராது. என்னைக் கண்டால் எல்லாரும் வழக்கம்போலத்தான் பேசினார்கள். நான்தான் அவர்களின் உதட்டைப் பார்ப்பேன், காய்ந்திருக்கிறதா என்று.

சில வாரம் நானும் இருந்தேன். பிறகு ஒரு வியாழக்கிழமை, கடையில், படகுக்காரர் சேவியர் வீட்டிலிருந்து கப்பைக்கிழங்கும் மீன்கறியும் கொண்டுவந்து வைத்தார். நான் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். பெரிய போராட்டம் நடந்தது, கடைசியில் தோற்றேன் என்று எழுதினால் கேட்க நன்றாயிருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பசிகூட இல்லை. தட்டு இருந்தது, சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்து இன்ஜினைப் பிரித்தேன். அதற்கப்புறம் நோன்பில்லை. கொஞ்ச நாளில் சனிக்கிழமையும் கடையைத் திறந்தேன். சேவியருக்கே பொறுக்கவில்லை. "இன்னிக்கு நிங்ஙளோட சாபத் இல்லயோ?" என்று கேட்டார். "இன்ஜினுக்கு சாபத் உண்டோ?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. இன்ஜினை விட்டுவிட்டுத் திங்கட்கிழமை வருகிறேன் என்று போய்விட்டார்.

உன் அம்மா சண்டை போடவில்லை. வெள்ளிக்கிழமை சூரியன் விழுவதற்கு முன் விளக்கு ஏற்றுவாள், எனக்கும் தட்டு வைப்பாள், காலையில் நான் சாவியை எடுக்கும்போது திரும்பிக்கொள்வாள். ஒரு தடவை மட்டும் கேட்டாள்: "உங்களுக்குக் கோபம் யார் மேல?" யார் மேலும் இல்லை என்றேன். அது பொய் இல்லை. கோபம், வெட்கம், பயம் எதுவும் இல்லை. ஊசி போட்ட பல் மாதிரி இருந்தது. அங்கே ஒன்று இருக்கிறது என்று தெரியும், கடித்தால் வலிக்காது. மிரியம் எழுதியதை வாசித்தபோது நீ இப்போது அங்கேதான் இருக்கிறாய் என்று எனக்குப் பட்டது. அழவும் இல்லை, கத்தவும் இல்லை, வெறுமே படுத்திருக்கிறான் என்று எழுதியிருக்கிறாள். அவளுக்கு அது புரியவில்லை. உனக்கு இரக்கமில்லையோ என்றுகூட ஒரு வரி எழுதி அடித்திருக்கிறாள். எனக்குப் புரிகிறது.

ஐசக் சேட்டனை டாக்டர் நோன்பிருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். அவர் கேட்கவில்லை. பஸ்காவுக்குள் பாதி ஆளாகிவிட்டார். மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலையில் போய்விட்டார். இருதயம் என்றார் டாக்டர். நோன்பு முடிந்து மாதக்கணக்காகிவிட்டது, சர்க்கரை வியாதியோ பழையது, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று உன் அம்மா சொன்னாள். இருக்கலாம். சாபத்துக்கு முன் அடக்கம் செய்ய வேண்டும் என்பதால் அன்று மத்தியானமே எடுத்தார்கள். தெருவில் எல்லாரும் நடந்தார்கள். நான் ஒரு கிடங்கின் வாசலில் நின்று பார்த்தேன். கடைசி ஆள் தாண்டியதும் பஸ் ஏறிப் பள்ளுருத்திக்குப் போனேன். அன்று என்ன வேலை செய்தேன் என்று நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் ரஹேல் சேச்சி, ஐசக் சேட்டனின் மனைவி. துக்க வாரத்தில் வீட்டுக்காரர்கள் வாசல் தாண்டக் கூடாது. அவர் தாண்டி வந்து நின்றார். வெறுங்கால், துக்கத்துக்காகக் கழுத்தோரம் கிழித்த வெள்ளைச் சட்டை. உன் அம்மா ஓடிவந்து கையைப் பிடித்தாள். சேச்சி அவளைப் பார்க்கவில்லை.

"ஒன்பது பேர்தான் இருக்காங்க. காயலுக்கு அக்கரை தேவராவுக்குப் போன ஆள் திரும்பி வரலை. பத்து ஆம்பளைங்க இல்லாம அவருக்குக் கதிஷ் ஜெபம் சொல்ல முடியாது" என்றார்.

"சேச்சி, என்னாலதான்…" என்று தொடங்கினேன்.

"உன்னாலதான் செத்தாரா இல்லையான்னு எனக்குத் தெரியாது. அதைப் பேச நான் வரலை. பத்தாவதா ஒரு ஆள் வேணும். நீ வர்றியா, இல்லையா?"

"எனக்கு உள்ள ஒண்ணுமே இல்லை சேச்சி. ஜெபம் வராது."

"உன்னை ஜெபம் பண்ணச் சொன்னேனா? வந்து நில்லு."

சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். நீ அறிவாய், நாம் மனிதர்களை ஒன்று இரண்டு என்று எண்ணுவதில்லை. பத்துச் சொல் உள்ள ஒரு வசனத்தைச் சொல்லி, ஆளுக்கு ஒரு சொல்லாக வைத்துப் பார்ப்போம். ஐசக் சேட்டனின் தம்பி பம்பாயிலிருந்து வந்திருந்தார். அவர்தான் ஒவ்வொருவரையும் பார்த்துச் சொல் சொல்லாகச் சொல்லிக்கொண்டு வந்தார். வசனத்தின் கடைசிச் சொல் என் முகத்தில் வந்து முடிந்தது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பி ஜெபத்தைத் தொடங்கினார். எனக்குள் எதுவும் நடக்கவில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன்: அந்தக் கணக்கில் யாரும் என்னைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. நம்பிக்கை உள்ளவனா, நோன்பை முறித்தவனா, சனிக்கிழமை கடை திறக்கிறவனா என்று கேட்கவில்லை. ஒரு உடம்பு வேண்டியிருந்தது. என்னிடம் அது இருந்தது.

துக்க வாரம் முடிந்து தம்பி பம்பாய்க்குத் திரும்பினார். ஐசக் சேட்டனின் ஒரே மகன் இஸ்ரேலில் பட்டாளத்தில் இருந்தான், வர முடியவில்லை. அங்கே அவன் கதிஷ் சொல்லிக்கொண்டுதான் இருந்தான். ஆனால் சேச்சி என்னைக் கூப்பிட்டு, "அவர் உட்கார்ந்த பள்ளியில சொல்ல ஆள் இல்லை. நீ சொல்லு" என்றார். "நான் சொந்தம்கூட இல்லையே" என்றேன். "சொந்தக்காரன் சொன்னாத்தான் மேல கேட்குமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

சொல்வது சுலபம், ஆள் சேர்ப்பதுதான் பாடு. வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு வீடு வீடாகப் போவேன். ஒருவருக்கு இடுப்பு வலி, ஒருவருக்கு இன்னொருவர் முகத்தில் விழிக்கப் பிடிக்காது, ஒருவர் பயணப் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார். தேவராவில் இருந்த இரண்டு சகோதரர்களைப் படகில் போய்க் கூட்டி வருவேன். சாபத் தொடங்கினால் வண்டியில் போகக் கூடாது என்பதால் அவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் வரை நம் வீட்டில்தான் தங்குவார்கள். நீ ஒரு லீவில் வந்தபோது கூடத்தில் பாய் விரித்து யார் யாரோ படுத்திருப்பதைப் பார்த்து, "நம்ம வீடு என்ன லாட்ஜாப்பா?" என்று கேட்டாய். அம்மா சிரித்து மழுப்பினாள். காரணம் இதுதான். வெள்ளிக்கிழமையே வைத்து மூடின அடுப்பில் சனிக்கிழமை மத்தியானம் வரை சூடாகக் கிடக்கும் கோழியும் அரிசியும் அவர்களுக்காகத்தான். உன் அம்மா அதற்காக ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. நான் சனிக்கிழமை கடை திறப்பது தானாக நின்றுபோனது. நிறுத்த வேண்டும் என்று நான் முடிவு எடுக்கவில்லை. வீட்டில் விருந்தாளி இருந்தார்கள், பள்ளியில் என் வேலை இருந்தது, அவ்வளவுதான்.

கதிஷில் சாவைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது என்பது உனக்குத் தெரியும். முழுக்கக் கடவுளைப் புகழ்வதுதான். புகழத் தோன்றாத ஒருவன் வாரம் தவறாமல் எழுந்து நின்று அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இது ஏமாற்று இல்லையா என்று முதலில் யோசித்தேன். அதே சமயத்தில் பம்பாயிலிருந்து தோராச் சுருள் எழுதுகிற எழுத்துக்காரர் ஒருவர் வந்து விழுந்த சுருளைப் பிரித்துப் பார்த்தார். தோலில் ஓரிடத்தில் மடிப்பு வெடித்து ஒரு எழுத்து உடைந்திருந்தது. ஒரு எழுத்து உடைந்தாலும் அதை வைத்து ஜெபத்தில் வாசிக்கக் கூடாது, சரிசெய்யும்வரை அது லாயக்கில்லாததுதான். விழுந்த நாளிலிருந்து அந்தச் சுருளை எங்கே வைத்திருந்தார்கள் என்று அப்போதுதான் கவனித்தேன். தனியாக ஒரு மூலையில் வைத்திருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை, பெட்டகத்துக்குள் மற்றச் சுருள்களோடு அதே வரிசையில்தான் நின்றது. கதவைத் திறக்கும்போது எல்லாரும் எழுந்து நிற்பார்களே, அந்த மரியாதை அதற்கும் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. இதைப் பார்த்து எனக்கு ஆறுதல் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஏமாற்று என்ற யோசனை மட்டும் நின்றுவிட்டது.

ஒன்று பாக்கி இருந்தது. கடவுளுக்குச் செய்த குற்றத்தை வருஷத்துக்கு ஒருநாள் வரும் கிப்பூர் நோன்பு கழுவும், மனிதனுக்குச் செய்ததை அந்த மனிதனிடமே போய்க் கேட்காமல் கடவுளால்கூட மன்னிக்க முடியாது என்பது நம் மதம். ஐசக் சேட்டனிடம் நான் கேட்கவே இல்லை. அதனால் அந்த வருஷம் கிப்பூருக்கு முந்தின நாள் சேச்சியிடம் போனேன். கேட்டேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "இந்த வருஷம் எனக்கு வரலை" என்றார். அடுத்த வருஷம் போனேன். "இன்னும் வரலை" என்றார். அதற்கடுத்த வருஷம் தலையை மட்டும் ஆட்டினார், இல்லை என்று. மூன்று தடவை கேட்டும் கிடைக்காவிட்டால் கேட்டவன் கடமை முடிந்தது என்பது விதி. எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள், உன் அம்மா உட்பட.

அந்த வருஷம் சிம்ஹாத் தோராவில் அதே சுருளை மறுபடி நான் தூக்கினேன். கௌரவம் கொடுத்தார்கள் என்று நினைக்காதே. பெட்டகத்தில் இருந்த சுருள்களுக்குத் தூக்கக் கை போதவில்லை. இடுப்பு வலிக்காரர்கூட ஒன்று எடுத்தார். நான் கல்லைப் பார்த்து, ஒவ்வொரு காலாக வைத்துச் சுற்றி வந்தேன். பெண்கள் பக்கம் வந்தபோது யார் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. வியர்வையில் வெள்ளித்தகடு கையில் ஒட்டிக்கொண்டது. அது ஒரு பக்கமாக இழுக்கத்தான் செய்தது.

நாலாவது வருஷம், கிப்பூருக்கு முந்தின நாள், மறுபடி சேச்சி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார்.

"மூணு தடவை ஆச்சே. இனி நீ வர வேண்டாம்னு சொல்லித்தரலையா யாரும்?"

"சொன்னாங்க."

"பின்ன எதுக்கு வந்தே?"

"வரணும்னு தோணிச்சு, சேச்சி." வெள்ளிக்கிழமை வீடு வீடாகப் போகிற கால் அது, இந்த வீட்டுக்கும் வந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

அவர் ஸ்டூலைக் காலால் நகர்த்தினார். உட்கார்ந்தேன். அடுப்பில் மீன்சட்டியைக் கிளறினார். பிறகு சொன்னார்: "நீ நோன்பை விட்டுட்டேன்னு எனக்கு அப்பவே தெரியும். பள்ளுருத்திலேர்ந்து யாரோ வந்து சொன்னாங்க. நான் அவர்கிட்ட சொன்னேன். இதோ பாருங்க, கீழ போட்டவனே கப்பை தின்னுக்கிட்டு இருக்கான், நீங்க எதுக்கு உடம்பைக் கெடுத்துக்கறீங்க, விடுங்கன்னு கெஞ்சினேன். என்ன சொன்னார் தெரியுமா? அப்படின்னா அவன் பங்கையும் சேர்த்து நான் இருக்கணும்னார். திங்கள் வியாழனோட புதன்கிழமையும் இருக்க ஆரம்பிச்சார். நான்தான் போய்ச் சொன்னேன். சொல்லாம இருந்திருந்தா புதன்கிழமை சாப்பிட்டிருப்பார்."

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, அடுப்பைப் பார்த்துத்தான் சொன்னார். நாலு வருஷமாக அவர் மன்னிக்க முடியாமல் இருந்தது என்னை மட்டும் இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "நீங்க சொன்னது சரிதானே சேச்சி. நான் தின்னது நிஜம்தானே" என்றேன்.

"நிஜம்தான்" என்றார். முண்டு நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "சரி. நீ கேட்டதைக் கொடுத்தாச்சு. நீயும் எனக்குக் கொடுக்கணும்."

"நானா?"

"வேற யார் இருக்கா, அவர் இல்லையே."

கொடுத்தேன். எந்த வார்த்தையில் கொடுத்தேன் என்று நினைவில்லை. நாளைக்கு நோன்பு, வயிறு காலியாப் போகாதே என்று சோறு போட்டார். இரண்டு பேரும் சாப்பிட்டோம். அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. மீனில் உப்பு கூடியிருந்தது, அதைச் சொன்னேன். ஆமாம் என்றார்.

மோனே, அதற்குப் பிறகு எனக்குள் எல்லாம் உயிர் பெற்றுவிட்டது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. எழுதினால் நீ நம்பமாட்டாய், நம்பி ஏமாறவும் வேண்டாம். மரத்த இடம் இன்னும் பெரும்பாலும் மரத்துத்தான் கிடக்கிறது. ஆனால் விழுவதற்கு முன் நான் கடவுளைப் பற்றி நினைத்ததெல்லாம் என்னைப் பற்றித்தான் இருந்தது. நான் தூக்குவது, நான் தெரிவது. விழுந்தபின் அதில் எனக்கு ஒரு அக்கறையும் மிஞ்சவில்லை. அந்த இடத்தில் மற்றவர்களின் இடுப்பு வலியும் பயணப் பெட்டியும் வந்து உட்கார்ந்துகொண்டன. அதற்குப் பெயர் பக்தியா என்று எனக்குத் தெரியாது. என்னிடம் இருப்பது அதுதான்.

ரஹேல் சேச்சி போன வருஷம் இறந்துபோனார். உனக்கு அம்மா எழுதியிருப்பாள். அதற்குள் தெருவில் கதவுகள் எல்லாம் பூட்டு. படகில் போய்க் கூட்டிவர தேவராவிலும் ஆள் இல்லை. வைட்டிலா வரைக்கும் போய், யாரோ ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுத் தேடினேன், அவரும் போய்விட்டிருந்தார். ஆறு பேர் நின்றோம். கதிஷ் சொல்ல முடியவில்லை. அதற்குப் பதிலாக வேதத்திலிருந்து சங்கீதப் பாடல்கள் வாசித்தோம். என் வாழ்க்கையில் அவ்வளவு சொல்ல விரும்பி, சொல்ல முடியாமல் நின்றது அன்றைக்குத்தான்.

அங்கே உங்கள் ஊரில் ஆள் குறைவில்லை. நீ போகாவிட்டாலும் ஜெபம் நடக்கும், நீ இல்லாததை யாரும் எண்ணிப் பார்க்க வேண்டிவராது. கழுத்தோரம் கிழித்த சட்டையோடு யாரும் உன் வாசலில் வந்து நிற்கப் போவதில்லை. அதுதான் எனக்குக் கவலை. நீயாகவே எழுந்து போக வேண்டியிருக்கும். ஜெபத்துக்கு மெதுவாகப் போய்க்கொள், முதலில் அந்த மூன்று வீட்டுக்கும் போ. மன்னிப்பு கிடைக்கும் என்று போகாதே, முதல் தடவை கிடைக்காது. உனக்கு உள்ளே ஏதாவது தோன்றட்டும், அப்புறம் போகலாம் என்றும் காத்திருக்காதே. கருகின செடியை அவர்கள் எப்படியும் பிடுங்கித்தான் ஆக வேண்டும், அதற்குக் கை வேண்டும். கதவைத் திறந்தால், பிடுங்க வந்தேன் என்று சொல். வேறொன்றும் சொல்ல வேண்டாம். தடித்த கையுறை எடுத்துக்கொண்டு போ. ரோஜா கருகினாலும் முள் கருகுவதில்லை.

அப்பா